சொல்லக் கூசும் கட்டி

மலேசியாவின் பினாங்கில் உள்ள தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். முழங்கால் வலிக்கிறது என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்ட பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் உண்டு, தைலம் நீட்ட ஆள் உண்டு, தன் முழங்கால் கதையைத் தொடங்கவும் ஆள் உண்டு. அதே பெண்ணுக்கு யோனி வாசலின் ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவில் கட்டி கிளம்பி, படியேறவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் போனால் என்ன சொல்வாள்? பெரும்பாலும் காய்ச்சல் என்பாள். அல்லது மாதவிலக்கு என்று சொல்லிக் கோயில் பக்கமே வராமல் இருந்துவிடுவாள். மாதவிலக்குக்காவது ‘தூரம்’ என்று மூடிய சொல்லொன்று கைவசம் இருக்கிறது. இந்தக் கட்டிக்கு அதுவும் இல்லை. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுக்க வேண்டிய வாரத்தில் வந்துவிட்டால், திருவிழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே மனம் சொல்லும். அந்தப் ‘பிறகு’ எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூச்சம் சொற்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. மலாயில் பிறப்புறுப்பைக் குறிக்கும் ‘கெமாலுவான்’ என்ற சொல், வெட்கம் என்று பொருள்படும் ‘மாலு’விலிருந்து பிறந்தது. மருத்துவ நூல்களின் லத்தீனும் சளைத்ததில்லை. ‘புடெண்டம்’ என்றால் வெட்கப்பட வேண்டியது என்று பொருள். அந்தப் பகுதியின் வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புக்கு இன்றுவரை புடெண்டல் நரம்பு என்றுதான் பெயர். சங்கப் பாடல்களில் ‘அல்குல்’ என்ற சொல் கூச்சமின்றிப் புழங்கியது. அது இடையைக் குறித்ததா, பெண்குறியைக் குறித்ததா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். வழக்காடவாவது அவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. இன்றைய பேச்சில் மிஞ்சியிருப்பவை ‘கீழே’, ‘அங்கே’, ‘அந்த இடம்’. இவற்றை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே குழல்போல் இருக்கும் யோனியிலா, வெளியே இதழ்கள் சூழ்ந்த புறப்பகுதியிலா, மலவாய் ஓரத்திலா, தொடை மடிப்பிலா என்பதைப் பொறுத்து நோயின் பெயரே மாறிவிடும். இங்கே நாம் பேசப்போவது புறப்பகுதியைப் பற்றி. முடி வளரும் மேடு, வெளி இதழ்கள், உள் இதழ்கள், அவற்றுக்கு நடுவே சிறுநீர்த் துளை, அதற்குக் கீழே யோனி வாசல், இவை எல்லாம் சேர்ந்த இடம் அது.

அந்த வாசலின் இரு பக்கமும், அதைக் கடிகார முகமாகப் பாவித்தால் மணி நான்கும் எட்டும் காட்டும் இடங்களில், பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் தோலுக்கடியில் இருக்கின்றன. 1677-இல் டென்மார்க்கைச் சேர்ந்த காஸ்பர் பார்த்தோலின் இவற்றை விவரித்தார். அப்போது அவருக்கு வயது 22. இன்றும் அவை பார்த்தோலின் சுரப்பிகளே. வழவழப்பான நீரைக் கசியவிட்டு வாசலை ஈரமாக வைத்திருப்பது அவற்றின் வேலை. நலமாக இருக்கும்போது விரலால் தடவினாலும் தட்டுப்படாது. ஒவ்வொரு சுரப்பியிலிருந்தும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய குழாய் புறப்பட்டு வாசலோரம் திறக்கிறது. சிக்கல் அந்தக் குழாயின் வாயில். அது அடைபட்டாலும் சுரப்பி தன் வேலையை நிறுத்துவதில்லை. வடிகால் அடைத்த பிறகும் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் வீடுபோல நீர் உள்ளேயே தேங்கி, குழாய் பலூனாக உப்புகிறது. இதுதான் பார்த்தோலின் நீர்க்கட்டி. நூறு பெண்களில் ஏறத்தாழ இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. இருபது, முப்பது வயதுகளில் அதிகம். சுத்தமாக இல்லாததால் வருவதில்லை. உடம்பில் சூடு ஏறியதாலும் வருவதில்லை. பெரும்பாலான நேரங்களில் வாய் ஏன் அடைத்தது என்றே சொல்ல முடிவதில்லை.

இப்படி வரும் நீர்க்கட்டி சிறியதாகவும் வலிக்காமலும் இருந்தால், நாற்பது வயதுக்குட்பட்ட பெண் அதை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்து எப்போதாவது மருத்துவரைப் பார்க்கும்போது காட்டிவைத்தால் போதும். பயமுறுத்தி எழுதினால்தான் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள் என்று நம்பும் நலக் கட்டுரைகள் இதைச் சொல்லத் தயங்குகின்றன. கட்டி இருக்கிறது என்பதற்காகவே சுரப்பியை வெட்டி எடுப்பது, காது அடைத்ததற்குக் காதை அறுப்பது போன்றது. அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் அடர்த்தி. வெட்டினால் ரத்தப்போக்கு, தழும்பு, உடலுறவில் நீடிக்கும் வலி என்று பின்விளைவுகள் உண்டு. ஆகவே முழுச் சுரப்பியையும் அகற்றுவது, மற்றவை எல்லாம் தோற்றுத் திரும்பத் திரும்பக் கட்டி வருபவர்களுக்கான கடைசி வழி. இந்தக் கட்டியால் குழந்தை பிறக்காமல் போகும் என்று அஞ்சுவதற்கும் இடமில்லை. அது கருப்பையோடோ சினைமுட்டையோடோ தொடர்பில்லாத வாசல்புறத்துச் சமாச்சாரம்.

வலிதான் கதையை மாற்றுகிறது. தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் நீர்க்கட்டி சீழ்க்கட்டியாகிறது. சில நேரம் நீர்க்கட்டி என்ற நடுக்கட்டமே இல்லாமல் நேராகச் சீழ் பிடிப்பதும் உண்டு. பெரும்பாலும் பல கிருமிகள் ஒன்றாகக் குடியேறுகின்றன. தனித்து அதிகம் அகப்படுவது, நம் குடலிலேயே வசிக்கும் ஈ.கோலை. இரண்டு, மூன்று, நான்கு நாளுக்குள் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட முடியாதபடி கொதிக்கும். நடந்தால் உரசும், உட்கார்ந்தால் உயிர் போகும். நரம்புகள் நெருக்கமாகப் பின்னிய அந்த இடத்தில் சீழ் விரிந்துகொள்ள இடமில்லாமல் நெருக்குவதால், அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி. திராட்சை அளவுள்ள கட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று வீட்டில் யாராவது கேட்டால், கண் இமையில் வரும் கட்டியின் அளவை நினைவூட்டலாம். அளவை வைத்து இந்த நோயை எடைபோடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. எடைபோட வேண்டியது நாள்களை. வலி தொடங்கி எத்தனை நாள், நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்ற கணக்கு, கட்டியின் சுற்றளவைவிட அதிகம் சொல்லும்.

அங்கே வருகிற கட்டியெல்லாம் பார்த்தோலின் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழித்த இடத்தில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து வரும் சீழ்க் கொப்புளம்தான் இன்று அதிகம் தென்படுவது. வெளி இதழில், முடி வளரும் தோலில் இருந்தால் அதுவாக இருக்கலாம். பிரசவத் தையல் போட்ட இடத்தில் தோலின் செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டு ஆண்டுகள் கழித்து உருண்டையாகத் திரள்வதும் உண்டு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாறிமாறி வந்து தழும்பு விட்டுப்போகும் கட்டிகள் தனியொரு தோல்நோய். அவற்றுக்கு ஒவ்வொரு தடவையும் கீறிவிடுவது மட்டும் மருத்துவமாகாது. இருமினால் பெருத்து, படுத்தால் மறையும் வீக்கம் குடலிறக்கமாக இருக்கலாம். கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து எரிந்தால் அது ஹெர்பீஸ் கிருமியின் வேலையாக இருக்கக்கூடும். இத்தனையையும் பெண் தானே கண்ணாடி வைத்துப் பார்த்து முடிவுகட்ட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கைப்பேசியில் படம் தேடி ஒப்பிட்டுப் பார்ப்பது இருக்கிற பயத்தைப் பெருக்கும், அவ்வளவுதான்.

இனி, நம் வீடுகளில் முதலில் எழும் மறுப்பு. இது சூட்டுக்கட்டி, இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, அடங்கிவிடும். பினாங்கில் இந்தக் கருத்துக்குத் துணை அதிகம். சீனரின் மூலிகைத் தேநீர்க் கடைகளும் உடம்பின் சூட்டைத் தணிப்பதாகச் சொல்லித்தான் வியாபாரம் செய்கின்றன. மலாய்க்காரர்களிடமும் சூடு, குளிர்ச்சி என்ற பாகுபாடு உண்டு. மூன்று இனமும் ஒத்துப்போகும் விஷயங்கள் இந்த நாட்டில் குறைவு என்பதால் இதைக் கலைக்கவே மனம் வரவில்லை. இளநீர் குடிப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. கட்டி அடங்கவும் கூடும். ஏனென்றால் சிறிய கட்டிகளில் கணிசமானவை, எதைக் குடித்தாலும் குடிக்காவிட்டாலும், தானே வழி திறந்து வடிந்துவிடும். அந்த நாளில் குடித்தது எதுவோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். இந்த நம்பிக்கையின் குறை இளநீரில் இல்லை. எப்போது தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதற்கான நாள் அதில் குறிக்கப்படவில்லை. அடங்காவிட்டால் சூடு இன்னும் இறங்கவில்லை என்பார்கள், இன்னொரு இளநீர் வெட்டப்படும்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் செய்யத்தக்க கைவைத்தியங்களில் மருத்துவர்களும் ஒப்புக்கொள்வது குளிர்ச்சிக்கு நேர் எதிரானது. அகலமான பேசினில், குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு வெதுவெதுப்பான நீரை, இடுப்புக்குக் கீழ் நனையும் உயரத்துக்கு ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். நாளைக்கு மூன்று நான்கு தடவை. வெப்பம் ரத்த ஓட்டத்தைக் கூட்டி, திசுவை இளக்கி, அடைபட்ட வாய் தானே திறக்க வழிவிடுகிறது. வலியும் தணிகிறது. கிருமிநாசினி எதையும் ஊற்றத் தேவையில்லை. அந்த மெல்லிய தோலை அது எரித்துவிடும். கொதிநீரில் நனைத்த துணியை வைத்து ஒத்தடம் கொடுத்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளவும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், நம் கடைகளில் பனடோல், அட்டையில் குறித்த அளவைத் தாண்டாமல். தளர்வான பருத்தி உடை. வலி இருக்கும்வரை உடலுறவைத் தள்ளிப்போட வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ குழைத்துப் பற்றுப் போடுவதும், பிதுக்குவதும், ஊசியைச் சுட்டுக் குத்துவதும் கூடாது. முகப்பருவையே பிதுக்காதே என்கிறோம். இது அதைவிட ஆழத்தில், ரத்தக் குழாய்களின் நடுவே இருப்பது. இந்தக் கைவைத்தியத்துக்கு இரண்டு, அதிகம்போனால் மூன்று நாள் தரலாம். அதற்குள் வலி இறங்குமுகமாக இல்லையென்றால் கிளினிக்குக்குப் போயாக வேண்டும். நடக்கவோ உட்காரவோ முடியாத வலி என்றால் அந்த மூன்று நாளும் கிடையாது, அன்றைக்கே போக வேண்டும்.

தானாக உடையுமே, எதற்கு டாக்டர் என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. உடைந்து சீழ் வடிந்த கணத்தில் வலி பாதியாகக் குறைந்து, அந்தப் பெண் பல நாள் கழித்துத் தூங்குவாள். ஆனால் காது குத்தியவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். குத்திய துளையில் தோடோ வேப்பங்குச்சியோ போட்டு வைக்காவிட்டால் சில நாளில் தூர்ந்துவிடும். தோல் உள்வரை வளர்ந்து துளையின் சுவரைப் பூசிய பிறகுதான் அது நிலைக்கிறது. தானாக உடைந்த கட்டியின் வாயும், வெறுமனே கீறிவிட்ட வாயும் இப்படித்தான் தூர்ந்துபோகின்றன. சுரப்பி மறுபடி நீரைத் தேக்கத் தொடங்குகிறது. சில மாதத்தில் அதே பக்கத்தில் அதே கட்டி. இதற்கு விடை கண்டவர் அமெரிக்க மருத்துவர் பியூஃபோர்ட் வேர்ட். 1960-களில் அவர் வடிவமைத்தது விரலளவுகூட இல்லாத ரப்பர்க் குழாய், நுனியில் குட்டிப் பலூன். மரத்துப்போக ஊசி போட்டு, வாசலின் உட்புறம் சிறிதாகக் கீறி, சீழை வெளியேற்றி, குழாயை நுழைத்து, பலூனில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் உப்புநீர் ஏற்றிவிடுகிறார்கள். நான்கு வாரம் அது அங்கேயே இருக்கும். தோடு செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. அதற்குள் துளையின் சுவர் தோலால் பூசப்பட்டு, சுரப்பிக்குப் புதிய வாய் கிடைத்துவிடுகிறது. இந்தக் குழாய் இல்லாத இடங்களில் வேறொரு முறை. கட்டியின் சுவரைத் திறந்து அதன் ஓரங்களைப் பை வாய்போல மடித்துப் புறத்தோலோடு தைத்துவிடுவார்கள். இதுவும் நிலையான வாயை உண்டாக்குவதற்கே.

எது மேல் என்பதைச் சோதித்த ஆய்வும் இருக்கிறது. நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் உள்ள மருத்துவமனைகளில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்தி, 2017-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் கட்டி திரும்பியது, குழாய் வைத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு, தையல் போட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கு. புள்ளியியல் கண்ணில் இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் நாளில் வலி மாத்திரை தேவைப்பட்டவர்கள் குழாய்க்காரர்களில் 33 விழுக்காடு, தையல்காரர்களில் 74 விழுக்காடு. நோயைக் கண்டறிந்ததிலிருந்து சிகிச்சை கிடைக்க முன்னதற்கு ஒரு மணி நேரம், பின்னதற்கு நான்கு மணி நேரம். எந்த முறை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நமக்கு இதில் முக்கியமானது, பெண் பத்து நாள் மறைத்துவைத்துத் தவிக்கும் வேதனை, மருத்துவரிடம் போனால் சில மணி நேரத்தில் சிகிச்சை கிடைக்கக்கூடியது என்பது. பத்தில் ஒருவருக்கு மீண்டும் வரக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். திரும்ப வந்தால் வைத்தியம் பொய்த்தது என்று எண்ணி அடுத்த தடவை வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

கீறுவதற்குப் பயந்தவர்கள் கேட்பது, ஆன்டிபயாட்டிக் போதாதா என்பது. மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்கிறது. சீழ்க்கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, சுற்றிலும் மதில். மதிலுக்கு வெளியே சுற்றிப்பார்த்துவிட்டு மருந்து போய்விடும். கட்டியைச் சுற்றித் தோல் சிவந்து பரவியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குன்றியிருந்தாலோ ஆன்டிபயாட்டிக் சேர்த்துத் தருவார்கள். முதிர்ந்த சீழுக்கு வடிகால்தான் மருந்து. மலேசியாவில் ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். அலமாரியில் அக்காவுக்குப் பல் வலிக்குக் கொடுத்து மிஞ்சிய நாலு மாத்திரை இருப்பதுதான் சட்டத்துக்கு எட்டாத இடம். அந்த நாலு மாத்திரையால் கட்டி குணமாகாது. கிருமிக்கு மட்டும் மருந்தோடு பழகிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுப் பெண்ணுக்கும் பொருந்தும். மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு, அது சர்க்கரை. 2019-ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பு, இந்நாட்டில் 18 வயது நிரம்பியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்நாட்டின் மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அதன் வீதம் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளையணுக்கள் மந்தமாகின்றன, கிருமிக்குக் கொண்டாட்டம். நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு எச்சரிக்கை மணியான வலியே மங்கி ஒலிக்கும். அரிதாக, புறப்பகுதியில் தொடங்கிய தொற்று தோலுக்கடியில் உள்ள திசுக்களை மணிக்கணக்கில் தின்றுகொண்டே தொடைக்கும் அடிவயிற்றுக்கும் பரவும். உயிரைப் பறிக்கக்கூடிய அந்த நிலைக்கு ஆளானவர்களில் நீரிழிவுக்காரர்கள் நிறைய. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் சிறிதாக இருக்க, வலி மட்டும் பொறுக்க முடியாததாக இருப்பது அதன் முதல் குறி. பிறகு சிவப்பு ஊதாவாகவும் கருப்பாகவும் மாறும், கொப்புளிக்கும், நாறும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும், நினைவு குழம்பும். இவற்றில் எது தெரிந்தாலும் பேசினும் வெந்நீரும் வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், மேலே சொன்ன மூன்று நாள் சலுகை தங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். வலி தெரிந்த அன்றே காட்ட வேண்டும். சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வரும் பெண், நீரிழிவு இருப்பதாக இதுவரை யாரும் சொல்லாவிட்டாலும், சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு கட்டியின் வழியாகத் தன் நீரிழிவைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

வயதும் கணக்கில் சேரும். நாற்பதைத் தாண்டிய பிறகு, குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, அங்கே புதிதாகக் கட்டி வந்தால் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். பார்த்தோலின் சுரப்பியில் வரும் புற்றுநோய் மிக அரிது. என்றாலும் அரிதானதைச் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து விலக்கிவிட முடியும் என்பதால் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். கல்லாக இறுகி, அடித்தசையோடு ஒட்டி, நகராமல் இருக்கும் கட்டி எந்த வயதிலும் அப்படித்தான். இளம்பெண்ணுக்கு வலித்தால் மட்டும் அவசரம், மூத்த பெண்ணுக்கு வலிக்காவிட்டாலும் அவசியம். இது தலைகீழாகத் தோன்றும். வீட்டில் நடப்பதோ இதற்கு எதிர்மாறு. மகளின் கட்டிக்குப் பதறும் அம்மா, தன் கட்டியை, இந்த வயதில் இதையெல்லாம் போய்க் காட்டுவதா என்று மூடிவைப்பாள்.

எல்லா மறுப்புகளுக்கும் அடியில் இருப்பது வேறொன்று. இதைக் காட்டினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அங்கே கட்டி என்றால் நடத்தை சரியில்லை என்று நினைப்பார்களோ? பார்த்தோலின் கட்டி உடலுறவே அறியாத பெண்ணுக்கும் வருகிறது. சில கட்டிகளில் கொனோரியா, கிளமிடியா போன்ற பாலுறவுத் தொற்றுகளும் காணப்படுவது உண்மைதான். அதனால் சீழையோ பஞ்சில் எடுத்த கசிவையோ சோதனைக்கு அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் மலேரியாவைச் சோதிப்பது போன்ற வழக்கம்தான் அது. அப்படி ஏதும் தெரிந்தால் கணவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படும் என்பதால் மறைப்பதில் லாபமில்லை. திருமணமாகாத பெண்ணுக்கு இன்னோர் அச்சம் உண்டு. பரிசோதனையில் கன்னித்திரை கிழிந்துவிடுமோ என்பது அது. புறப்பகுதிக் கட்டியை வெளியிலிருந்து பார்த்தும் விரலால் தொட்டுமே கண்டறிந்துவிடலாம். உள்ளே கருவி விட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. வேண்டுமானாலும் கேட்காமல் செய்யக் கூடாது, வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்பதை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான மருத்துவமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைத்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்து நோயோடும் பிரசவ வேதனையோடும் மடிந்த பெண்களைக் கண்டுதான் மேரி ஷார்லீப், 1875-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். 1885-இல் அவர் தொடங்கிய மருத்துவமனையை, கஸ்தூர்பா காந்தி என்று பெயர் மாறிய பிறகும், திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். அங்கே செய்தது, பெண்ணின் கூச்சத்தைத் திட்டாமல் அதற்கேற்ப மருத்துவத்தை வளைத்தது. ஆனால் பெண் மருத்துவர் வந்துவிட்டால் மட்டும் மௌனம் கலைந்துவிடாது என்பதற்கும் சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோயோ பாலுறவு நோயோ இருந்தது. அதற்கு முன் அந்த வகையில் எப்போதாவது பரிசோதிக்கப்பட்டிருந்தவர்கள் 8 விழுக்காடு. மீதிப் பேர் நோயோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பினாங்கின் நிலை கட்சிரோலியுடையது அன்று. தண்ணீர்மலைக் கோயிலிருக்கும் ஜாலான் கெபுன் பூங்காவிலிருந்து பொது மருத்துவமனை காரில் சில நிமிடம், அங்கே மகளிர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ஆகவே தூரத்தையும் காசையும் இங்கே காரணம் சொல்ல முடியாது. காரணம் பதிவு முகப்பில் வாய் திறப்பதுதான்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாத நேரத்தில், பரிசோதனையின்போது தாதி ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அது வழக்கமான நடைமுறை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தமிழ் தெரிந்தவர் முகப்பில் இருக்கும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுக்கலாம். நான்கே சொல் போதும். வீக்கத்துக்கு ‘பெங்காக்’, வலிக்கு ‘சாக்கிட்’, காய்ச்சல் இருந்தால் ‘டெமாம்’, இடத்துக்கு அந்த வெட்கம் பிடித்த ‘கெமாலுவான்’. அதன் பக்கத்தில் வலி தொடங்கிய தேதி. சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் அதையும்.